கிளியம்பாறையும் லைன் பார்ட்டியும்

எனக்கு வந்த நோயின் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கே ரொம்ப நாள் பிடித்தது. கியான் பாரே சின்ட்ரோம். டாக்டர் தாளில் எழுதிக் காட்டிய பிறகும் நாக்கு புரளவில்லை. அந்தச் சமயத்தில் நாக்கே பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம். என் மனைவி மல்லிகா அந்தக் கஷ்டமெல்லாம் படவில்லை. குடியாத்தத்திலிருந்து அவளுடைய அண்ணன் போன் செய்தபோது, "அவுருக்கு கிளியம்பாறை வந்துகீதுண்ணா" என்று ஒரே போடாகப் போட்டாள்.

"அது எந்த ஊரும்மா? அங்க எதுக்குப் போனாரு?" என்று கேட்டாராம் மச்சான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கிளியம்பாறை என்றுதான் பெயர். படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த ஊருக்குப் போக நேர்ந்தால், போய்த் திரும்பியவன் என்ற முறையில் கொஞ்சம் வழி சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். இலக்கியம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நான் சிக்னல்காரன்.

பெயர் சேகர். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பி இழுப்பது, ரேடியோ செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது, அறுந்த லைனைத் தேடிப் பிடித்து ஒட்டுவது, இதுதான் என் தொழில். கடைசியாக வேலை பார்த்தது செகந்திராபாத். மகள் தீபிகா இங்கேயே படித்து வளர்ந்துவிட்டதால் மாரெட்பள்ளியில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்டோம். ஓய்வு பெறும் நாளில் மாலை போடுவார்கள், கை குலுக்குவார்கள், ஜீப்பில் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் ஷேவ் செய்து ஷூ பாலிஷ் போட்டு உட்கார்ந்தால் எங்கே போவது என்று தெரியாது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. சமையலறையில் மல்லிகா மசாலா டப்பா வைப்பதிலிருந்து பால்காரர் வரும் நேரம் வரை எல்லாவற்றையும் நான் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். சில வாரம் பொறுத்தவள் ஒரு நாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யோவ், எதுனா ஒரு வேலயப் பாரு. என் பின்னாடியே சுத்திகினு கீற. நானு உன் பட்டாலியனா?"

அப்படித்தான் அமீர்பேட்டில் நெட்வொர்க்கிங் கோர்ஸில் சேர்ந்தேன். மெட்ரோவை விட்டு இறங்கினால் திரும்பிய பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் போர்டு. அதில் ஒரு சந்தில், மாடியில், ஏசி பாதி ஓடும் ஒரு அறை. என் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் எல்லோரும் "அங்கிள்" என்றார்கள். நான் கரும்பலகைப் பக்கம் போய் நின்று, "இங்கே அங்கிள் யாரும் இல்லை, சேகர் என்று ஒரு மாணவன் இருக்கிறான்" என்று இந்தியில் அறிவித்தேன். மறுநாளிலிருந்து "ஹவில்தார் சாப்" ஆனேன். அது பரவாயில்லை, உழைத்துச் சம்பாதித்த பெயர்.

அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேன்மொழி தருமபுரிப் பெண். பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் இருக்குமிடத்தில் சத்தம் இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் நக்கல். இன்னொருவன் இம்தியாஸ், உள்ளூர்க்காரன். ஆமாம் என்பதற்கு "ஹவ் சாப்", வேண்டாம் என்பதற்கு "நக்கோ சாப்" என்ற இரண்டே சொற்களில் முழு நாளையும் ஓட்டிவிடுவான்.

வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் ஆளுக்கொரு போனுக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் பழக்க தோஷத்தில், "ரேடியோ செக்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். விளக்கினேன். செட்டை ஆன் செய்ததும் நாங்கள் முதலில் கேட்பது அதுதான்: என் குரல் உனக்கு எப்படிக் கேட்கிறது? ஒன்று என்றால் கேட்கவே இல்லை, இரைச்சல்தான். ஐந்து என்றால் சுத்தமாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு தினமும் நான் உள்ளே நுழைந்ததும் "ரேடியோ செக்" என்பேன், மொத்த வகுப்பும் "ஃபைவ்!" என்று கூரை அதிரக் கத்தும். எல்லோரையும்விடப் பெரிய குரல் தேன்மொழியுடையது.

ஒருமுறை அவள், "ஃபைவ் சார், ஓவர் அண்ட் அவுட்!" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெல்லாம் சினிமாக்காரங்க பேசறது. ஓவர்னா நான் பேசிட்டேன், இப்ப நீ பேசு. அவுட்னா பேச்சு முடிஞ்சுது, கட் பண்றேன். ரெண்டையும் சேத்துச் சொன்னா இன்னா அர்த்தம்? பேசுன்னு சொல்லிட்டு மூஞ்சி மேல கதவ சாத்தறதா?"

"சரிங்க சார், ரோஜருங்க சார்."

"ரோஜர்னா சரின்னு அர்த்தம் இல்ல. நீ சொன்னது எனக்குக் கேட்டுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"யப்பா, இதுக்கு ஜாவாவே படிச்சிருக்கலாம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு மூன்று நாளில் சரியாகியும் போனது. கொஞ்ச நாள் கழித்துப் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஷூ இறுக்கம் என்று நினைத்தேன். பிறகு மெட்ரோ படி ஏறும்போது முழங்கால் மடங்கியது. வயசு என்று நினைத்தேன். மல்லிகாவிடம் மூச்சு விடவில்லை. அதற்கு அடுத்த நாள் வகுப்பில் போர்டில் எழுத எழுந்தவன், எழுந்த இடத்திலேயே துணி மாதிரி மடிந்து விழுந்தேன். வலி இல்லை, மயக்கமில்லை. கால்கள் இருந்தன, ஆனால் உத்தரவு போய்ச் சேரவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் முகம் வெளுத்து நின்றார்கள். நான் தரையில் கிடந்தபடி, "ஃபைவ், ஃபைவ், ஒண்ணுமில்ல" என்றேன்.

"கைக்கு ஜூட் போல்ரே சாப்?" என்று இம்தியாஸ் என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினான். பொய் எதற்கு என்கிறான். ஆட்டோவில் தேன்மொழி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மல்லிகாவுக்குப் போன் போட்டாள். பேகம்பேட் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

நரம்பியல் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். நமக்குத் தெரிந்த மாதிரி கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறு காலும் இல்லை. முழங்கைகளும் இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் சுத்தியலைப் பைக்குள் வைத்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு நரம்புக் கடத்தல் சோதனை என்று ஒன்று. கையிலும் காலிலும் வயர் ஒட்டி, ஒரு முனையில் சுருக்கென்று மின்சாரம் கொடுத்து, மறுமுனைக்கு அது எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலமெல்லாம் நான் கம்பிக்குச் செய்த சோதனையை எனக்கே செய்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அங்கிருந்து நீரும் எடுத்தார்கள். நத்தை மாதிரி சுருண்டு அசையாமல் படுக்க வேண்டும், கேள்விப்பட்ட அளவுக்கு வலி இல்லை, பயப்படாதீர்கள்.

டாக்டர் தெலுங்குக்காரர். என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தத் தொழிலின் மொழியிலேயே சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய படை, ஏதோ கிருமியோடு சண்டை போட்டுவிட்டு, எதிரி யார் நம்மாள் யார் என்று தெரியாமல் நரம்பு மேல் இருக்கும் உறையைத் தாக்குகிறது. உள்ளே கம்பி இருக்கிறது, மேலே இன்சுலேஷன் உரிந்துவிட்டது. அதனால் மூளை அனுப்பும் செய்தி வழியிலேயே கசிந்துவிடுகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். மார்புக்கு வந்தால் மூச்சு. அங்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு உறை திரும்ப வளர்ந்துவிடும், ஆனால் மெதுவாக.

"கேபிள் ஃபால்ட்" என்றேன்.

"ஹவ், கேபிள் ஃபால்ட்" என்று சிரித்தார்.

மருந்து, பலபேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். பாட்டில் பாட்டிலாக ஐந்து நாள் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஒரு பாட்டிலின் விலையைக் கேட்டு மல்லிகா நெஞ்சில் கை வைத்தாள். முன்னாள் ராணுவத்தினருக்கான அட்டை எங்களிடம் இருந்தது, ஆனால் அனுமதித் தாள் வரவேண்டும் என்று பில்லிங் கவுண்டரில் அலையவிட்டார்கள். மூன்றாவது முறை, "நாளைக்கு வாங்கம்மா" என்றவரிடம், "எம் வூட்டுக்காரு எல்லையில நின்னப்ப நாளைக்கு வரேன்னு சொன்னாரா?" என்று இவள் கேட்டது ஐசியூ வரைக்கும் கேட்டதாம். தாள் அன்று சாயங்காலமே வந்தது. எனக்கு அந்தச் சங்கதி பிறகுதான் தெரியும். தெரிந்தபோது பெருமையாக இருந்தது.

ஐசியூவில் ஒரு பரீட்சை வைப்பார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். எங்கே மூச்சு நிற்கிறதோ அதுதான் நுரையீரலின் பலம். நாளுக்கு நாள் என் எண்ணிக்கை இறங்கியது. பத்தைத் தொடுமுன்பே மூச்சு வாங்கிய அன்று வென்டிலேட்டர் எந்திரத்தை உருட்டிக்கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்தேன். கை அசையவில்லை, கால் அசையவில்லை, கண் இமை முழுசாக மூடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நடுங்கினேன், நடுங்கக்கூட உடம்பு வரவில்லை. கடவுள் புண்ணியம், மருந்து வேலை செய்தது. எந்திரம் தேவைப்படாமலே வந்த வழியே உருண்டு போனது.

தினமும் காலையில் தீபிகா கல்லூரிக்குப் போகுமுன் வருவாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் இந்தியில்தான் வரும். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஷேவ் செய்யாமல் விடிந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காமலே ரேசர், சோப்பு, கிண்ணம் எல்லாம் கொண்டுவந்தாள். நுரை போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, என் தாடையைப் பிடித்து, "ஹில்னா மத், பப்பா" என்றாள். அசையாதே என்கிறாள்! கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாதவனிடம்! சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரித்தோம். என் முகத்தில் சிரிப்பு வரவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீராக வந்தது. மூன்று இடத்தில் வெட்டினாள். அந்த மாதிரி சுத்தமான ஷேவ் எந்தப் பரேடிலும் எனக்கு அமைந்ததில்லை.

இவ்வளவும் தாங்கினேன். விசித்திரம் என்னவென்றால், ஆபத்து நீங்கி வார்டுக்கு மாற்றிய பிறகுதான் நான் விழுந்தேன். ஐசியூவில் பயப்படுவதே ஒரு வேலையாக இருந்தது. வார்டில் அதுவும் இல்லை. சாப்பாடு யாரோ ஊட்ட வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க யாரோ. மற்றதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சீருடையைக் கழற்றிக் கொடுத்தபோது பாதி ஆளாகத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். மீதிப் பாதியும் போய்விட்டது என்று தோன்றியது. பிசியோதெரபிப் பையன் வந்து காலைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வேன். "ட்ரை பண்ணுங்க சார்" என்பான். பண்ண மாட்டேன். டாக்டர் மல்லிகாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: நரம்பு திரும்பி வருகிறது, ஆனால் தசையை இப்போது பழக்காவிட்டால் அது சுருங்கிப்போகும், பிறகு நரம்பு வந்தும் இவர் சரியாக நடக்க மாட்டார். மனநல ஆலோசகர் அம்மா ஒருவரையும் அனுப்பினார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், மனசு எப்படி இருக்கிறது என்று. "ஃபைவ் மேடம்" என்று சுவரைப் பார்த்தேன்.

பிள்ளைகளிடமிருந்து தினமும் காலை ஒரு குரல் செய்தி வரும். மல்லிகா போனை என் காதில் வைப்பாள். "ரேடியோ செக் சார், ஓவர்." பின்னால் வகுப்பின் இரைச்சல். நான் பதில் அனுப்பச் சொல்லவில்லை. ஒரு நாள், "போன அணச்சி வை" என்று எரிந்து விழுந்தேன். அவள் அணைத்தாள். அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. லைனில் பதில் வரவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க மாட்டோம். இரண்டு பேர் கிளம்பிப் போவார்கள். கம்பியைக் கையால் தடவிக்கொண்டே, எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே வரைக்கும் நடப்பார்கள். லைன் பார்ட்டி என்று பெயர். இதையும் வகுப்பில் ஒரு நாள் கதையாகச் சொல்லியிருந்தேன். கேட்டார்களா இல்லையா என்று அன்று தெரியவில்லை.

போனை அணைத்த மறுநாள், பார்வையாளர் நேரத்தில் கதவு திறந்தது. தேன்மொழியும் இம்தியாஸும். "லைன் பார்ட்டி வந்திருக்குங்க சார்" என்றாள்.

நான் ஏதும் சொல்லுமுன் நர்ஸ் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தார். வழக்கமான கேள்வி: "வலி எவ்வளவு சார்? பத்துக்கு?"

"ஃபைவ்" என்றேன்.

நர்ஸ் குறித்துக்கொண்டு, "சாருக்கு மாத்திரை போட்டும் குறையவே இல்லை, எப்பவும் அஞ்சுதான்" என்று தேன்மொழியிடம் வருத்தமாகச் சொன்னார்.

தேன்மொழி ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ சிஸ்டர், அது வலி இல்லீங்க! அவருக்கு ஃபைவ்னா எல்லாம் கிளியர்னு அர்த்தம்! நீங்க வலியக் கேட்டீங்க, அவரு சிக்னல சொல்லியிருக்காரு!" இவ்வளவு நாளாக நான் நலம் நலம் என்று சொல்லச் சொல்ல, அவர்கள் பாதி வலி என்று எழுதி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸும் சிரித்தார், இம்தியாஸும் சிரித்தான். எனக்கும் உதட்டின் ஒரு ஓரம் தானாக மேலே போனது. முகத்தில் சிக்னல் திரும்பியதை நான் உணர்ந்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்கியது. தேன்மொழி ஸ்டூலை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், வலிக்கு நம்பர் வேண்டாம். நம்ம நம்பர் சொல்லுங்க. ரேடியோ செக். ஓவர்."

வழக்கம்போல ஃபைவ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அந்த 'ஓவர்' சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஆறுதல் சொல்லவில்லை, தலையை ஆட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. என் முறை என்று விட்டுவிட்டாள்.

"ஒண்ணு" என்றேன்.

நான் எதிர்பார்த்தது, 'அப்படிச் சொல்லாதீங்க, நீங்க சோல்ஜர், எல்லாம் சரியாயிடும்' என்பதுதான். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். சொல்லச் சொல்ல என் வாய் மேலும் அடைத்துப்போனது. அவள் சொன்னது வேறு.

"ரோஜர். ஒண்ணு. ஓவர்."

அவ்வளவுதான். கேட்டுவிட்டது, இனி நீ பேசு. உடைந்துவிட்டேன். அந்த எந்திரத்தைப் பார்த்து நடுங்கியதைச் சொன்னேன். இனிமேல் மல்லிகாவுக்கு நான் ஒரு சுமை மூட்டை என்றேன். சீருடை போன பிறகு நான் யாரென்றே எனக்குத் தெரியவில்லை, உங்களோடு அமீர்பேட்டில் உட்கார்ந்து கத்தின நேரம் மட்டும்தான் தெரிந்தது என்றேன். குழறிக் குழறி, மூக்கு ஒழுக ஒழுகப் பேசினேன். இம்தியாஸ் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதான். "ரோனா நக்கோ சாப், நக்கோ" என்று, அழ வேண்டாமெனச் சொல்லிச் சொல்லி அழுதான்.

வாசலில் மல்லிகா, கையில் டிபன் கேரியரோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. பிள்ளைகள் போன பிறகு வந்து உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"அந்தப் பொண்ணாண்ட சொன்னத என்னாண்ட சொன்னா இன்னாயா? இத்தினி வருசம் குடும்பம் நடத்திகீறேன், எனக்கு எப்பவும் ஃபைவுதானா?"

வாயைத் திறந்தேன், ஊட்டினாள்.

மறுநாள் ஆலோசகர் அம்மாவை நானே வரச் சொன்னேன். அவரிடம் பேசுவது ஒரு மருந்துதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இங்கே சத்தமாகச் சொல்லிவைக்கிறேன், முக்கியமாக என்னைப் போன்ற பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு. பிசியோதெரபிப் பையனுக்கும் வேலை வைத்தேன். முதலில் கட்டை விரல். பிறகு கணுக்கால். இரண்டு கம்பிக்கு நடுவே இடுப்பில் பெல்ட் கட்டி நிற்க வைத்த அன்று, தீபிகா வீடியோ காலில் வகுப்பையே கொண்டுவந்தாள். நான் நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. போனிலிருந்து வந்த கூச்சலில் பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன கிரிக்கெட்டா என்று கேட்டார். "எங்க கிளாஸ்" என்றேன். மெடல் வாங்கியபோதுகூட நான் அப்படி மார்பை நிமிர்த்திச் சொன்னதில்லை.

மாதங்கள் ஆயின. வீல் சேரில் வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருக்கோடிக் கடை வரை நடக்கும் அளவுக்குத் தேறி, ஒரு நாள் மெட்ரோ லிஃப்டில் ஏறி அமீர்பேட் போய்ச் சேர்ந்தேன். மாடிப்படியில் இம்தியாஸ் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான். கோர்ஸ் முடிந்திருந்தது, ஆனால் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குத் தயாராக தினமும் லேபுக்கு வந்துகொண்டிருந்தார்கள். "ரேடியோ செக்" என்றேன். கூரை அதிரும் என்று பார்த்தால், ஒவ்வொருவராகப் பதில் வந்தது. "மூணு சாப், நேத்து இன்டர்வியூ ஊத்திக்கிச்சு." "நாலு." "ரெண்டு, அப்பாவுக்கு ஆபரேஷன்." ரெண்டு சொன்ன பையனைச் சுற்றி நாற்காலிகள் தானாக நகர்ந்தன. நான் இல்லாத நாட்களில் அவர்களே பழகிக்கொண்ட பழக்கம். யாரும் புத்தி சொல்லவில்லை. "ரோஜர், ஓவர்" என்றுவிட்டுக் கேட்டார்கள்.

தேன்மொழி மட்டும் எப்போதும் "ஃபைவ்!" அதே பெரிய குரல், அதே சிரிப்பு. ஃபைவ் சொல்லியே தப்பித்தவன் நான். எனக்கு உறுத்தியது.

ஒரு நாள் அவள் வரவில்லை. போனுக்குப் பதில் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். மறுநாளும் இல்லை. நான் வாக்கரை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"கஹான் சாப்?" என்று எங்கே போகிறேன் எனக் கேட்டான் இம்தியாஸ்.

"லைன் பார்ட்டி. வா."

பக்கத்துத் தெருதான். ஆனால் அமீர்பேட் நடைபாதையில் வாக்கரோடு போவதென்றால் அது ஒரு போர்முனை. பைக், பஜ்ஜி வண்டி, பேனர் கட்டை. இம்தியாஸ் முன்னால் போய் எல்லோரையும் விலக்கினான். ஹாஸ்டல் கேட்டில் வார்டன் அம்மா கையை நீட்டி மறித்தார். "ஜென்ட்ஸ் லோபலிகி ராகூடது!" ஆண்கள் உள்ளே வரக்கூடாது, நியாயம். நான் உள்ளே போகவில்லை. வாக்கரைப் பூட்டி நிறுத்திவிட்டு, தெருவில் நின்று, எனக்கு மிச்சமிருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"தேன்மொழி! ரேடியோ செக்! ஓவர்!"

இரண்டாவது மாடி பால்கனியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது.

"ஃபைவ் சார்!" என்று கையை ஆட்டினாள்.

சரியாகக் கேட்காவிட்டால் நாங்கள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொன்னேன். "சே அகெய்ன்." திரும்பச் சொல்.

தெருவில் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். என் கால்கள் நடுங்கத் தொடங்கின. நிற்கும் நேரத்துக்கு டாக்டர் ஒரு அளவு சொல்லியிருந்தார், அது தாண்டிவிட்டது. உட்காரவில்லை.

"ரெண்டு" என்றாள். கேட்டும் கேட்காத குரல்.

"ரோஜர். ரெண்டு. ஓவர்."

இறங்கி வந்தாள். கேட் படியில் உட்கார்ந்தாள். வார்டன் அம்மா முதலில் முறைத்தார், பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். தேன்மொழி பேசினாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்களாம். நான் ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்திலேயே. என்னிடம் வந்து சிரித்த அன்று காலையில்தான் அவளுக்குச் செய்தியே வந்ததாம். அவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. "பொங்கலுக்கு லீவு வருதுங்க சார். எல்லாரும் டிக்கெட் போட்டாச்சு. அம்மா ஒரு ஊர்ல, அப்பா ஒரு ஊர்ல. நான் எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கறது?" என்றாள். நானும் இம்தியாஸும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் அழுது முடித்துத் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தபோது, ஆலோசகர் அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். "நீங்க போன ஆளுகிட்டயேவா?" என்றாள். "ஹவ்" என்றேன். போனாள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு அவள் மாரெட்பள்ளிக்கு வந்தாள். மல்லிகா அவளைக் கரும்பு வெட்ட உட்கார வைத்து, வெட்டியது சரியில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தாள். லீவு முடிந்து லேப் திறந்த அன்று நான் ரேடியோ செக் கேட்டேன். எல்லோரும் சொன்னார்கள். தேன்மொழி கொஞ்சம் யோசித்து, "மூணு" என்றாள். என் சர்வீஸ் முழுவதும் எத்தனையோ சுத்தமான ஐந்துகளைக் காதில் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்றுக்கு ஒன்றும் ஈடாகாது.

ஆனால் ஹாஸ்டல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்குள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்ததுமே மல்லிகாவுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா, எப்டிக்கீற?"

நாக்கு நுனி வரை ஃபைவ் வந்தது. விழுங்கினேன்.

"ரெண்டு" என்றேன். "காலு ரெண்டும் வுட்டுப்போச்சு. ரோட்ல நிக்கும்போது வுழுந்துடுவேன்னு பயமா இருந்திச்சு. இன்னும் கீது, அந்த பயம்."

என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரோஜரு" என்றாள் மல்லிகா. "மேல சொல்லு."